கண் சிவந்து நீர் வடியும் ஒருபக்கத் தலைவலி: வாசகர் கேள்வி – பதில்

ஒரு பக்கத்தில் மட்டும் கடும் வலி, அதே பக்கக் கண்ணில் சிவப்பு, அதே பக்க மூக்கில் நீர். இந்த மூன்றும் சேர்ந்து வருகிறவர்களின் கேள்விகளை மட்டும் இவ்விதழில் எடுத்திருக்கிறோம். மலையகத்தில் இதைப் பீனிசம் என்றோ மைக்ரேன் என்றோ சொல்லி, பனடோல் கொடுத்து அனுப்பிவிடுவது வழக்கமாக இருக்கிறது. இரண்டிலும் சேராத, அரிதான ஒரு தலைவலிக் குடும்பம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எது எது என்று பிரித்தறிய முதலில் தேவைப்படுவது ஒரு கைக்கடிகாரமும் ஒரு கொப்பியும்தான்.

என் கணவருக்கு 34 வயது, தேயிலை ஃபெக்டரியில் வேலை. நான்கு வருடமாக, வருடத்துக்கு ஒரு தடவை, ஆறேழு கிழமைக்குத் தினமும் இரவு ஒரு மணியளவில் எழும்பி, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு லயத்து வாசலில் அங்குமிங்கும் நடக்கிறார். சுவரில் தலையை முட்டுகிறார். கண் சிவந்து தண்ணீர் கொட்டும். ஒரு மணித்தியாலத்தில் எல்லாம் நின்றுவிடும். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியும் பார்த்தாயிற்று. மணியடித்தாற்போல் அதே நேரத்துக்கு வருவதால் மாமியார் செய்வினை என்கிறார். இது என்ன வருத்தம்?
— வாசகி, மஸ்கெலியா

நீங்கள் எழுதியிருப்பது கொத்துத் தலைவலியின் அடையாளங்கள். வைத்தியர்கள் கிளஸ்டர் என்பார்கள். ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்கு வரும். ஆண்களுக்குக் கூடுதல், பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும். கண்ணிலோ, கண்ணைச் சுற்றியோ, பொட்டிலோ பிடிக்கும் வலி, மருந்தில்லாமல் விட்டால் 15 நிமிடம் முதல் 180 நிமிடம் வரை நிற்கும். இரண்டு நாளைக்கு ஒரு தடவையும் வரலாம், ஒரே நாளில் எட்டுத் தடவையும் வரலாம். மைக்ரேன் உள்ளவர் விளக்கை அணைத்து அசையாமல் படுத்துக்கொள்வார். கொத்துத் தலைவலிக்காரரால் படுக்கவே முடியாது. நடப்பதும் முட்டுவதும் அந்த வருத்தத்தின் ஒரு பகுதி.

மாமியாருக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்: நேரம் தவறாமல் வருவதுதான் இந்த வருத்தத்தின் முதல் அடையாளம். மூளையின் அடியில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஹைப்போதலமஸ் என்ற பகுதி இருக்கிறது. எடை சில கிராம்தான். தூக்கம், பசி, உடல் வெப்பம், ஹோமோன்கள் ஆகியவற்றின் அன்றாட நேரக்கணக்கு அங்கேதான் நடக்கிறது. கொத்துத் தலைவலியில் வலி புறப்படுவதோடு தொடர்புடைய இடமும் அதன் பின்பகுதிதான். அதனால்தான் தூங்கி ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் அதே நேரத்துக்கு எழுப்புகிறது. அதனால்தான் பலருக்கு வருடத்தில் அதே மாதத்தில் திரும்பி வருகிறது.

கண்ணீருக்கும் மூக்கு நீருக்கும் காரணம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பீனிசம் என்ற தவறு அங்கேதான் நடக்கிறது. முகத்தின் உணர்ச்சியைச் சுமப்பது ஐந்தாம் மண்டை நரம்பு. அது மூன்று கிளையாகப் பிரிந்து நெற்றி–கண், கன்னம்–மேல்தாடை, கீழ்த்தாடை என்று போகிறது. வலிச் செய்தி அதன்வழியே மூளைத்தண்டுக்குப் போனதும், அங்கிருந்து பரபரிவு நரம்புகள் (சுரப்பிகளைத் தாமாகவே இயக்கும் நரம்புகள்) தெறிவினையாகத் தூண்டப்படுகின்றன. அவை மூக்குக்குப் பின்னால் இருக்கும் ஒரு நரம்புத் திரட்டைத் தாண்டி வந்து கண்ணீர்ச் சுரப்பியையும் மூக்குச் சவ்வையும் திறந்துவிடுகின்றன. அதே பக்கத்துப் பரிவு நரம்பு தளர்வதால் இமை சரியும், கண்மணி சுருங்கும். ஆகவே வடிவது தெளிந்த நீர். வலி நின்றதும் அதுவும் நின்றுவிடும். பீனிசத்தில் சளி கட்டியாக மஞ்சளாகவோ பச்சையாகவோ வரும், நாள்கணக்கில் நிற்கும், குனிந்தால் கனக்கும். ஒரு மணித்தியாலத்தில் வந்து போகாது. பல்லைப் பிடுங்கியதும் இதே நரம்பின் இரண்டாம் கிளையில் பரவிய வலியால்தான். இனி ஒரு பல்லையும் பிடுங்க விடாதீர்கள்.

செய்ய வேண்டியவை. கொத்து ஓடும் கிழமைகளில், அதாவது வலி தினமும் வந்துகொண்டிருக்கும் காலத்தில், ஒரு சொட்டு மதுவும் கூடாது. சாராயம், பியர், கசிப்பு எதுவானாலும், குடித்து ஒரு மணித்தியாலத்துக்குள் வலியைக் கிளப்பிவிடும். பகல் தூக்கமும் சிலருக்குக் கிளப்பும். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைத்திரேற்று மாத்திரையும் அப்படித்தான். ஆனால் இதயத்துக்காகக் கொடுக்கப்பட்டிருந்தால் வைத்தியரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது. பனடோல் கேட்காததில் வியப்பில்லை. வலி சில நிமிடத்தில் உச்சிக்கு ஏறிவிடும். மாத்திரை வயிற்றில் கரைந்து இரத்தத்தில் சேர்வதற்குள் வலி தன்பாட்டில் இறங்கத் தொடங்கியிருக்கும். கேட்கவில்லை என்று கூட்டிக் கூட்டிப் போடுவதுதான் ஆபத்து: 500 மில்லிகிராம் மாத்திரை 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் போனால் ஈரல் பாதிக்கப்படலாம்.

இன்னொன்றை நேராகச் சொல்கிறோம். மனிதர் அனுபவிக்கும் மிகக் கொடிய வலிகளில் இது ஒன்று. வலியின் உச்சத்தில் செத்துவிடலாம் என்று தோன்றுவது பலருக்கு உண்டு. கொத்து ஓடும் காலத்தில் களைகொல்லிப் போத்தல்களை வீட்டில் வைக்காதீர்கள், இரவில் அவரைத் தனியே விடாதீர்கள், அந்த எண்ணம் வருகிறதா என்று வெளிப்படையாகவே கேளுங்கள். கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். அண்ணனுக்குக் கொத்துத் தலைவலி என்று சொல்லி எம்.ஆர்.ஐ எடுத்தார்கள். ஒன்றும் இல்லை என்று அறிக்கை வந்தது. ஒன்றுமே இல்லையென்றால், ஹைப்போதலமஸில்தான் கோளாறு என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?
— மாணவி, ஹட்டன்

நல்ல கேள்வி. வைத்தியசாலையில் எடுக்கும் எம்.ஆர்.ஐ மூளையின் வடிவத்தைக் காட்டும். கட்டி, வீக்கம், இரத்தக்கசிவு இருந்தால் தெரியும். எந்தப் பகுதி எந்த நிமிடத்தில் கூடுதலாக வேலை செய்கிறது என்பது அதில் தெரியாது. வேலை கூடிய பகுதிக்கு இரத்த ஓட்டமும் கூடும்; அந்த இரத்த ஓட்டத்தை அளக்க வேறு முறைகள் வேண்டும்.

ஒரு முறை பெட் ஸ்கேன். கதிரியக்க ஒட்சிசன்-15 கலந்த நீரை இரத்தத்தில் ஏற்றி, அது மூளையில் எங்கே கூடுகிறது என்று பார்ப்பது. அந்த ஒட்சிசனின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 2 நிமிடம் என்பதால், ஒருவரை ஒரே நாளில் வலிக்கு முன், வலியின்போது, வலி போன பின் எனப் பல தடவை படமெடுக்கலாம். ஆனால் வலி ஸ்கேன் இயந்திரத்துக்குள் இருக்கும்போதே வர வேண்டுமே? இங்கேதான் நைத்திரேற்று உதவியது. கொத்து ஓடும் காலத்தில் அதைக் கொடுத்தால் வலி வந்துவிடும். கொத்து ஓடாத காலத்தில் வராது.

1998இல் லண்டனில் ஆர்னே மே, பீட்டர் கோட்ஸ்பி ஆகியோரின் குழு இந்த வழியில் சென்றது. வலி வந்த 9 பேரிலும், கொத்து ஓடாத காலத்தில் இருந்த 8 பேரிலும் படமெடுத்து ஒப்பிட்டார்கள். வலி வந்தவர்களில், வலித்த பக்கத்து ஹைப்போதலமஸின் பின்கீழ்ப் பகுதியில் இரத்த ஓட்டம் தெளிவாகக் கூடியிருந்தது. வலி வராதவர்களில் அது இல்லை.

நீங்கள் உடனே கேட்க வேண்டிய அடுத்த கேள்வி: எந்த வலி வந்தாலும் அந்த இடம் தூண்டப்படாதா? அதையும் சோதித்தார்கள். மிளகாயின் காரப்பொருளான கெப்சைசினை நலமாக உள்ளவர்களின் நெற்றியில் ஊசியாகப் போட்டார்கள். வலிச் செய்தியைக் கையாளும் வழமையான பகுதிகள் எல்லாம் தூண்டப்பட்டன, ஹைப்போதலமஸ் தூண்டப்படவில்லை. ஆக, அது வெறும் வலியின் விளைவாக இருக்க முடியாது என்று வாதிட வலுவான காரணம் கிடைத்தது. எங்கள் பார்வையில், முதல் ஆய்வுக்குச் சமமான மதிப்பு இந்தச் சோதனைக்கும் உண்டு.

பிறகு இந்தக் குடும்பத்தின் மற்றத் தலைவலிகளையும் பார்த்தார்கள். சில நிமிடமே நிற்கும் பரொக்சிஸ்மல் ஹெமிக்ரேனியாவில் வலிக்கு எதிர்ப்பக்க ஹைப்போதலமஸும் எதிர்ப்பக்க நடுமூளையும் தூண்டப்பட்டன. இடைவிடாமல் நிற்கும் ஹெமிக்ரேனியா கொன்டினுவாவில் எதிர்ப்பக்க ஹைப்போதலமஸோடு, வலித்த பக்க மூளைத்தண்டில் பொன்ஸ் என்ற பகுதியின் மேற்பகுதியும் சேர்ந்து தூண்டப்பட்டது. 1995இல் மைக்ரேனில் கண்ட இடமும் ஏறத்தாழ அதுதான். ஹெமிக்ரேனியா கொன்டினுவா உள்ளவர்களுக்கு வலி ஏறும்போது வெளிச்சம் கூசுவதும் குமட்டுவதும் ஏன் என்பதற்கு இதில் ஒரு விடை இருக்கிறது. செக்கன்கணக்கில் குத்தும் சங்க்ட் (SUNCT) என்ற தலைவலியில் சிலருக்கு வலித்த பக்கமும் சிலருக்கு இரண்டு பக்கமும் தூண்டப்பட்டன. பக்கம் மாறினாலும் பின் ஹைப்போதலமஸ் எல்லாவற்றுக்கும் பொது.

இரண்டு எச்சரிக்கைகளையும் சேர்த்துப் படியுங்கள். பெட் ஸ்கேனின் கூர்மை சில மில்லிமீற்றர் அளவில் தடுமாறும்; அந்தப் புள்ளி ஹைப்போதலமஸுக்குள்ளேயா, அதை ஒட்டிய நடுமூளையிலா என்ற விவாதம் ஆய்வாளரிடையே முடியவில்லை. அடுத்தது, அந்த இடம் தனியாகவே வலியை உண்டாக்கிவிடுவதில்லை. மிலானில் 2001இல் மஸ்ஸிமோ லியோனேயின் குழு, மருந்து எதற்கும் அடங்காத ஒருவரின் அந்தப் பகுதியில் மெல்லிய மின்முனையைப் பொருத்தி மின்தூண்டல் கொடுத்ததை வெளியிட்டது. அதன்பின் வேறிடங்களிலும் செய்தார்கள். பலருக்கு வலி குறைந்தது. ஆனால் குறைவதற்குக் கிழமைகள் பிடித்தன. ஓடிக்கொண்டிருக்கும் வலியை அது நிறுத்தவுமில்லை, மின்தூண்டல் புதிதாக வலியைக் கிளப்பவுமில்லை. கதவைத் திறந்து மூடும் பொறுப்பு ஹைப்போதலமஸுக்கு இருக்கிறது. வலியைச் சுமப்பதும் கண்ணீரைக் கொண்டுவருவதும் ஐந்தாம் நரம்பும் மூளைத்தண்டும். மூளைக்குள் இரத்தக்கசிவு ஏற்படும் ஆபத்து இருப்பதால் அந்தச் சத்திரசிகிச்சையை இன்று மிக அரிதாகவே செய்கிறார்கள்.

அண்ணனின் எம்.ஆர்.ஐ வீண் செலவு என்று நினைக்காதீர்கள். ஹைப்போதலமஸுக்குக் கீழே தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி இருந்தால் இதே மாதிரி வலி வரலாம். 'ஒன்றும் இல்லை' என்ற அறிக்கை அதை விலக்கியிருக்கிறது.

கொத்துத் தலைவலி என்று உறுதியாகிவிட்டது. ஒட்சிசன் பிடிக்கச் சொன்னார்கள். வைத்தியசாலையில் மூக்குக் குழாயில் அரை மணித்தியாலம் பிடித்தும் ஒரு பலனும் இல்லை. நான் இருப்பது உயரமான இடம் என்பதாலா?
— வாசகர், தலவாக்கலை

உயரத்தின்மேல் பழி போட வேண்டாம்; பலன் இல்லாமல் போனது மூக்குக் குழாயால். அதில் ஒரு நிமிடத்துக்கு 2 முதல் 4 லீற்றர்தான் வழமையாகப் போகும். அதோடு அறைக் காற்றும் கலந்துவிடும். இந்த வலிக்கு வேண்டியது கலப்பில்லாத ஒட்சிசன், நிமிடத்துக்கு 12 முதல் 15 லீற்றர், 15 முதல் 20 நிமிடம். 2009இல் வெளியான பிரித்தானிய ஆய்வில் 12 லீற்றர் வீதம் 15 நிமிடம் பிடித்தபோது 78 வீதமான தடவைகளில் வலி நீங்கியது அல்லது போதியளவு குறைந்தது. சாதாரணக் காற்றைப் பிடித்தபோது அது 20 வீதம்தான்.

முகமூடி முக்கியம். அடியில் பிளாஸ்ரிக் பை தொங்கும், பக்கத்தில் மெல்லிய வால்வுத் தட்டுகள் உள்ள முகமூடியைக் கேளுங்கள். வெளிவிடும் காற்று திரும்ப உள்ளே வராமல் தடுப்பது அந்த வால்வு. முதலில் பை நிரம்பும்வரை ஒட்சிசனைத் திறந்துவிட்டு, பிறகு முகத்தில் இறுக்கமாக அழுத்துங்கள். கதிரையில் உட்கார்ந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றிச் சற்று முன்னால் சாயுங்கள். ஆழமாக, வேகமாக இழுக்கலாம். இழுக்கும்போது பை முழுவதும் சப்பையானால் லீற்றர் போதவில்லை என்று அர்த்தம், கூட்டுங்கள். வலி குறைகிறது என்று 5 நிமிடத்தில் கழற்றினால் பலருக்குத் திரும்பி ஏறும். எல்லாவற்றுக்கும் மேலாக, வலி தொடங்கிய உடனே பிடிக்க வேண்டும். வாகனம் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர 40 நிமிடம் என்றால் பாதி பலன் வழியிலேயே போய்விடும். அதனால்தான் வீட்டில் சிலிண்டர் வைக்க வேண்டியிருக்கிறது.

சிலிண்டர் கணக்கு எளிது. அதன் நீர்க் கொள்ளளவை அழுத்த எண்ணால் பெருக்குங்கள். 10 லீற்றர் சிலிண்டரில் 150 பார் அழுத்தம் இருந்தால் உள்ளே 1,500 லீற்றர் ஒட்சிசன். நிமிடத்துக்கு 12 லீற்றர் என்றால் 125 நிமிடம் வரும். 15 நிமிடம் வீதம் எட்டு வலிக்குக் காணும். நாளுக்கு இரண்டு வலி வருகிறவருக்கு நாலே நாள். கொத்து தொடங்கும் மாதம் தெரிந்தால் இரண்டாவது சிலிண்டரை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். வாங்கும்போது பாய்ச்சல்மானி 15 லீற்றர் வரை காட்டுகிறதா என்று பாருங்கள். 5 லீற்றரில் நின்றுவிடும் மானி பயன்படாது. மின்சாரத்தில் ஓடும் ஒட்சிசன் செறிவாக்கியும் இதற்கு உதவாது. வீட்டுக்கு வரும் சாதாரண வகை நிமிடத்துக்கு 5 லீற்றர்தான் தரும்.

லயத்து அறையில் வைப்பதென்றால் தீயைப் பற்றி எழுதாமல் விட முடியாது. விறகடுப்பு, மண்ணெண்ணெய் விளக்கு, சாமி விளக்கு, சிகரெட் எதுவும் அந்த அறையில் எரியக் கூடாது. ஒட்சிசன் தானாக எரியாது, ஆனால் பற்றிய தீயைப் பல மடங்கு வேகமாக்கும். தைலம், வசலின், தேங்காய் எண்ணெய் தடவிய முகத்தில் முகமூடியைப் போடாதீர்கள். எண்ணெய்க் கையால் வால்வைத் திருகாதீர்கள். சிலிண்டரைச் சுவரோடு சங்கிலியால் கட்டுங்கள். நீண்டகால நுரையீரல் நோய் உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் இந்த அளவுக்கு ஒட்சிசன் பிடிக்கக் கூடாது.

இனி உயரம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆனால் சிலிண்டரில் வருவது முழு ஒட்சிசன். நுவரெலியாவிலேயே பிடித்தாலும், கடலோரத்துச் சாதாரணக் காற்றில் கிடைப்பதைவிட மூன்றரை மடங்குக்கு மேல் ஒட்சிசன் அழுத்தம் கிடைக்கும். தலவாக்கலை அதைவிடத் தாழ்வு. எலிகளில் செய்த ஆய்வில், ஒட்சிசன் ஐந்தாம் நரம்பை நேரடியாக அடக்காமல், மூளைத்தண்டிலிருந்து புறப்படும் பரபரிவு நரம்புப் பாதையை அடக்குவது தெரிந்தது. முகத்துக்குப் போகும் அந்தப் பாதைதான் மேலே சொன்ன கண்ணீர்ப் பாதை.

ஒட்சிசன் கிடைக்காத இடத்தில், தோலின் கீழ் போடும் சுமாட்ரிப்டன் 6 மில்லிகிராம் ஊசி 15 நிமிடத்துக்குள் கேட்கும். மாரடைப்பு, பக்கவாதம், கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது கூடாது.

மைக்ரேனுக்கு ப்ரொப்ரனலோல் குடிக்கிறேன். இப்போது கிளஸ்டர் என்று வெரபமில் எழுதியிருக்கிறார்கள். இரண்டையும் குடிக்கலாமா?
— வாசகர், புசல்லாவை

இரண்டையும் சேர்த்துக் குடிக்காதீர்கள். இரண்டுமே இதயத்தின் மின்கடத்தலை மந்தமாக்கும். சேர்ந்தால் நாடி ஆபத்தான அளவுக்கு விழலாம். ப்ரொப்ரனலோலைத் திடீரென நீங்களாக நிறுத்துவதும் ஆபத்து. இன்றே மருந்துச் சீட்டுகள் இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

வெரபமில் கொத்துத் தலைவலியைத் தடுக்கும் முதல் மருந்து. வழக்கமாக 80 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று தடவை என்று தொடங்கி, இரண்டு கிழமைக்கு ஒருமுறை கூட்டுவார்கள். தொடங்குமுன் ஒரு ஈ.சி.ஜி, ஒவ்வொரு தடவை கூட்டி 10 நாளளவிலும் ஒரு ஈ.சி.ஜி. இதைக் கேட்டு வாங்குங்கள். மலச்சிக்கல், கால் வீக்கம், தலைச்சுற்று வரலாம். பலன் தெரிய இரண்டு கிழமை பிடிக்கும் என்பதால், அந்த இடைவெளிக்குப் பிரெட்னிசொலோன் என்ற ஸ்ரெரொயிட் மருந்தைக் குறுகிய காலத்துக்குக் கொடுத்துக் குறைத்துக்கொண்டு வருவார்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள் அந்த நாட்களில் இரத்தச் சீனியை அடிக்கடி பார்க்க வேண்டும்.

எனக்கு 41 வயது, கொழுந்து பறிக்கிறேன். வலது கண்ணுக்கு மேல் குத்தும் வலி வந்து பத்து நிமிடத்தில் போய்விடும். ஆனால் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை. கண் சிவக்கும், மூக்கு அடைக்கும். மைக்ரேன் மாத்திரை, கிளஸ்டர் மாத்திரை எல்லாம் குடித்தாயிற்று. மலையில் நிற்கும்போது வந்தால் கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். இதற்கு விடிவே இல்லையா?
— வாசகி, பண்டாரவளை

இருக்கிறது அக்கா. இந்தப் பக்கத்தில் இன்று எழுதுவதிலேயே மனதுக்கு நிறைவான பதில் இதுதான். 2 முதல் 30 நிமிடம் நிற்பது, பெரும்பாலான நாட்களில் ஐந்துக்கு மேற்பட்ட தடவை வருவது, கண்ணும் மூக்கும் சேர்வது: இது பரொக்சிஸ்மல் ஹெமிக்ரேனியாவாக இருக்க நிறைய வாய்ப்பு. நோர்வே நரம்பியல் வைத்தியர் ஒட்டார் ஸ்யோஸ்டாட் 1974இல் இதை விவரித்தார். இதற்கு இந்தோமெதசின் என்ற பழைய, விலை குறைந்த மருந்து முழுமையாகக் கேட்கும். முழுமையாகக் கேட்பதே நோயை உறுதிசெய்யும் சோதனையும்கூட. கேட்கவில்லை என்றால் நோயின் பெயரைத்தான் மறுபடி யோசிக்க வேண்டும்.

பலர் தோற்பது அளவில்தான். 25 மில்லிகிராம் நாளுக்கு மூன்று என்று தொடங்கி, கேட்காவிட்டால் 50 மூன்று, பிறகு 75 மூன்று வரை சில நாட்களுக்கு ஒருமுறை கூட்டிப் பார்க்க வேண்டும். நாளுக்கு 150 மில்லிகிராமாவது எட்டாமல், "அதுவும் கேட்கவில்லை" என்று கைவிட்டால் சோதனை நடந்ததாகவே கணக்கில்லை. போதிய அளவு சேர்ந்தால் ஓரிரு நாளிலேயே தெரியும். அடங்கியதும் வைத்தியர் அளவைக் குறைத்து, கேட்கும் ஆகக்குறைந்த அளவில் நிறுத்துவார். டைக்ளோஃபெனக், இபுப்ரோஃபென் போன்றவை இதற்கு ஈடாகா.

கவனங்கள் உண்டு. வெறும் வயிற்றில் கூடவே கூடாது. காலைத் தேநீரோடு போட்டுக்கொண்டு மலைக்கு ஏறுகிறவர்களுக்குத்தான் குடற்புண் வருகிறது. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோலையும் சேர்த்து எழுதித்தரும்படி கேளுங்கள். சிறுநீரக நோய், முன்பு வயிற்றில் இரத்தக்கசிவு, கர்ப்பம் எது இருந்தாலும் முதலில் சொல்லுங்கள். மலம் கறுப்பாகப் போனால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே போங்கள். காய்ச்சல் வந்தால் அன்றே இந்தோமெதசினை நிறுத்துங்கள்: டெங்குவாக இருந்தால் இந்த வகை மருந்து இரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும்.

வெலிமடையிலிருந்து எழுதிய ஆசிரியருக்கும் இதிலேயே பதில். மூன்று வருடமாக ஒரு பக்கத்தில் இடைவிடாமல் மந்தமான வலி, இடையிடையே ஏற்றம், கண்ணில் மண் விழுந்தது போன்ற உறுத்தல் என்று எழுதியிருக்கிறீர்கள். ஹெமிக்ரேனியா கொன்டினுவாவா என்று பார்க்க வேண்டும். அதற்கும் இந்தோமெதசின்தான், அதே அளவுகள், அதே கவனங்கள்.

அம்மாவுக்கு 63 வயது. முகம் கழுவினாலோ குளிர்காற்று பட்டாலோ இடது நெற்றியில் மின்சாரம் பாய்ந்தது போல் சில செக்கன் வெட்டுகிறது. ஒரு நாளைக்கு ஐம்பது தடவைகூட வரும். முக நரம்பு வலி என்று கார்பமசெபின் கொடுத்தார்கள். ஓரளவுதான் குறைந்தது.
— வாசகர், கம்பளை

இரண்டு நோய்கள் இங்கே ஒன்றைப் போல் ஒன்று தோன்றும். முக நரம்பு வலி, அதாவது முக்கிளை நரம்பு வலி, பெரும்பாலும் கன்னத்திலும் தாடையிலும் வெட்டும், கண்ணீர் குறைவு. ஒரு தடவை வெட்டியபின் சற்று நேரம் அதே இடத்தைத் தொட்டாலும் வெட்டாது. சங்க்ட் பெரும்பாலும் கண், நெற்றி, பொட்டு. 1 செக்கன் முதல் 600 செக்கன் வரை. வெட்டும்போதே கண் நன்றாகச் சிவந்து நீர் கொட்டும். ஓய்வில்லாமல் உடனேயே மறுபடி தூண்டலாம். அடுத்த தடவை அம்மாவின் கண்ணைத் தொலைபேசியில் வீடியோ எடுங்கள். அந்த அரை நிமிட வீடியோ பத்து நிமிட விளக்கத்தைவிட வைத்தியருக்கு உதவும்.

சங்க்ட் என்றால் முதல் தெரிவு லமோட்ரிஜின். வழக்கமாக நாளுக்கு 25 மில்லிகிராம் இரண்டு கிழமை, பிறகு 50 இரண்டு கிழமை என்று மெதுவாக ஏற்ற வேண்டும். கார்பமசெபின், வல்ப்ரோவேட் குடிப்பவர்களுக்கு இந்த அளவு மாறும். அவசரப்பட்டு ஏற்றினால் தோல் முழுவதும் உரியும் கொடிய ஒவ்வாமை வரும் வாய்ப்புக் கூடும். உடலில் தடிப்போ வாயில் புண்ணோ கண்டால் அன்றே நிறுத்திவிட்டு வைத்தியசாலைக்குப் போங்கள். இரண்டு நோயிலும் எம்.ஆர்.ஐ தேவை: மூளைத்தண்டுக்கு அருகில் ஓர் இரத்தக்குழாய் ஐந்தாம் நரம்பை அழுத்திக்கொண்டிருக்கலாம், பிட்யூட்டரியில் கட்டி இருக்கலாம்.

தோட்ட டிஸ்பென்சரியில் பணிபுரிகிறேன். ஒருபக்கத் தலைவலியோடு வருகிறவர்களில் யாரைக் காத்திருக்க வைக்காமல் அனுப்ப வேண்டும்? யாரைக் கிளினிக்குக்கு அனுப்பலாம்?
— தோட்ட வைத்திய உதவியாளர், அப்கொட்

உடனே 1990 சுவசெரிய அம்பியூலன்ஸுக்கு அழைக்க வேண்டியவர்கள்: ஒரு நிமிடத்துக்குள் உச்சிக்கு ஏறிய, வாழ்நாளிலேயே காணாத வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் சோர்வு, பேச்சுக் குளறல், வலிப்பு, கர்ப்பத்திலோ பிரசவத்துக்குப் பின்னரோ புதிதாக வந்த கடும் வலி. கண் சிவந்து பார்வையும் மங்கி, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்து, கண்மணி நடுத்தரமாக விரிந்து ஒளிக்குச் சுருங்காமல் நின்றால் அது கண் அழுத்த நோய். கொத்துத் தலைவலியில் கண்மணி சுருங்கும், பார்வை மங்காது. இந்த ஒரு வேறுபாட்டைத் தவறவிட்டால் கண் போய்விடும். கழுத்தில் அடிபட்டோ சுளுக்கிட்டோ சில நாளில் இமை சரிந்து அதே பக்கம் வலித்தால் கழுத்து நாடியின் உட்சுவர் கிழிந்திருக்கலாம். 50 வயதுக்கு மேல் புதிதாகப் பொட்டு வலித்து, தொட்டால் நொந்து, மெல்லும்போது தாடை களைத்தால் பொட்டு நாடி அழற்சி. அன்றே ஸ்ரெரொயிட் தொடங்காவிட்டால் பார்வை போகும் ஆபத்து.

மற்றவர்களை நரம்பியல் கிளினிக் உள்ள பெரிய வைத்தியசாலைக்கு, கண்டித் தேசிய வைத்தியசாலை போன்ற இடத்துக்கு, கடிதத்தோடு அனுப்புங்கள். 'தலைவலி, தயவுசெய்து பார்க்கவும்' என்று எழுதினால் அவருக்கும் பனடோல்தான் கிடைக்கும். எந்தப் பக்கம், ஒரு தடவை எத்தனை நிமிடம், நாளுக்கு எத்தனை தடவை, எத்தனை மணிக்கு, வருடத்தில் எந்த மாதங்களில், கண்–மூக்கு–இமையில் என்ன மாற்றம், வலிக்கும்போது நடக்கிறாரா படுக்கிறாரா, இதுவரை எந்த மருந்து எத்தனை மில்லிகிராம் எத்தனை நாள் என்று எழுதுங்கள். இரண்டு கிழமைக்குக் கொப்பியில் குறித்ததையும் சேர்த்து இணையுங்கள். இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, முடிந்தால் சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியட்டினின் இரத்தத்தில் எவ்வளவு என்பதையும் கடிதத்தில் போட்டுவிட்டால், வெரபமிலோ இந்தோமெதசினோ முதல் நாளிலேயே தொடங்க வழி கிடைக்கும். அவர் இரண்டாவது தடவை ஒரு நாள் சம்பளத்தை இழந்து பஸ் ஏற வேண்டியிருக்காது.